பெட்டி இருக்கிறது, குப்பை பிரியவில்லை: பஞ்சாயத்துக் கட்டடங்களில் மறுசுழற்சிச் சேகரிப்பை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீஸ்களில் உத்தரவு மலையாளத்தில் வரும், பேச்சு தமிழில் நடக்கும். அங்கே குப்பைப் பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கிறதோ அவருக்காக இந்தக் குறிப்பு. அவர் கிளார்க்காக இருக்கலாம், வி.இ.ஓ.வாக (கிராம விரிவாக்க அலுவலர்) இருக்கலாம், வீடு வீடாக உலர் குப்பை எடுக்கும் பெண்கள் குழுவான ஹரித கர்ம சேனாவின் அக்காவாகவும் இருக்கலாம். 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்துக்குப் பிறகு கிருஷி பவன் என்ற வேளாண் ஆபீஸ், கால்நடை ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, அரசு எல்.பி. (தொடக்க) பள்ளி எல்லாம் கிராமப் பஞ்சாயத்தின் கைக்கு வந்துவிட்டன. ஆகவே பஞ்சாயத்துக் கட்டடம் என்றால் ஆபீஸ் ஒன்று மட்டும் இல்லை. ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பத்துப் பதினைந்து இடங்கள். ஒவ்வொன்றின் குப்பையும் வேறு மாதிரி, ஒவ்வொன்றின் சாவியும் வேறு ஆளிடம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு வட்டாரத்தில் இருப்பவர்கள் ஹரித கர்ம சேனா என்று வரும் இடத்தில் தூய்மைக் காவலர் என்று வைத்துப் படித்துக்கொள்ளலாம். முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் எங்கே பார்ப்பது

எல்லாரும் பெட்டியில் தொடங்குகிறார்கள். நிறம் சரியில்லை, மூடி இல்லை, போஸ்டர் ஒட்டவில்லை என்று. நான் பார்த்த அளவில் கோளாறு பெட்டியில் இருப்பது அபூர்வம். கடைசி வாசலில் தொடங்குங்கள். இந்தக் கட்டடத்திலிருந்து பிரித்த சரக்கு எந்த நாளில், யார் கையில், எங்கே போகிறது? இந்த மூன்றுக்கும் பதில் உறுதியாக இருந்தால் உள்ளே பிரிப்பது நிலைத்து நிற்கும். ஒன்றுக்குப் பதில் "பார்க்கலாம்" என்றாலும் உள்ளே என்ன செய்தாலும் ஒரு மாதம்தான் தாங்கும்.

ஆகவே சோதனை பின்னாலிருந்து முன்னால் போக வேண்டும். முதலில் மில்லோ ஏஜென்சியோ எடுக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஊர்ச் சரக்கைச் சேர்த்து வைக்கும் எம்.சி.எஃப். கொட்டகையில் இடம் இருக்கிறதா, சேனாவின் வண்டி வருகிறதா, மூட்டை வைக்கும் அறை எப்படி இருக்கிறது, கூட்டுகிறவர் என்ன செய்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வாருங்கள். பெட்டியும் மேசையும் கடைசி.

கையில் வேண்டியது ஒரு தொங்கு தராசு, ஒரு நீள நோட்டு, ஒரு தார்ப்பாய், கையுறை. நோட்டில் தேதி, கட்டடம், சரக்கு, எடை, எடுத்தவர் கையெழுத்து என்று ஐந்து பத்தி போதும். சேனா வரும்போதே ஆப்பில் க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகிறதே, நோட்டு எதற்கு என்று கேட்பார்கள். வந்தார்கள் என்பதை ஸ்கேன் சொல்லும். எந்த வாரம் எந்தக் கட்டடத்தில் சரக்கு குறைந்தது, எது கலந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க நோட்டுதான் உதவும்.

அறிகுறி: பெட்டி மூன்று இருக்கிறது, மூன்றிலும் எல்லாமும் கிடக்கிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். உடனே ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகாதீர்கள். சாயங்காலம் ஆபீஸ் பூட்டும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். பார்ட் டைம் ஸ்வீப்பராக இருக்கும் அக்கா பெட்டிகளை எப்படிக் காலி செய்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். அவர் கையில் ஒரே ஒரு சாக்கு இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மூன்று பெட்டியும் ஒரே சாக்கில் போய் விழுவதை ஒருமுறை கண்ணால் பார்த்த கிளார்க் அதற்குப் பிறகு பிரித்துப் போடவே மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அந்த அக்காவையும் குறை சொல்ல முடியாது. ஒரு சாக்குதான் கொடுத்திருக்கிறோம். இத்தனை மணிக்குள் கூட்டி முடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். பிரித்து வைக்க இடம் காட்டியதில்லை. செய்ய வேண்டியது இது: ஆபீசுக்கு இரண்டு நிறத்தில் சாக்கு, அவை தொங்க ஒரு கம்பிச் சட்டம், மூட்டை வைக்கப் பூட்டுப் போட்ட ஒரு மூலை. பிறகு அவருடைய வேலைப் பட்டியலில் இதை எழுத்தில் சேர்த்து, அதற்கான நேரத்தையும் சேர்க்க வேண்டும். நேரம் சேர்க்காமல் வேலை மட்டும் சேர்த்தால் இரண்டாவது வாரமே பழையபடி ஆகிவிடும்.

சாக்கு இரண்டாகியும் கலப்பு நிற்கவில்லை என்றால் பெட்டி நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மேசைக்கும் அடியில் ஒரு கூடை இருக்கிற வரை வாழைப்பழத் தோலும் விண்ணப்பக் காகிதமும் ஒன்றாகத்தான் கிடக்கும். மேசை அடிக் கூடைகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். மேசை மேல் ஒரு பக்கம் அச்சான காகிதத்துக்கு ஒரு தட்டு மட்டும் இருக்கட்டும். மற்ற பெட்டிகள் ஒரே இடத்தில், தண்ணீர் கேன் பக்கம் நிற்கட்டும். டீ குடிக்கிற இடத்தில் மட்டும் ஈரக் குப்பைக்கு மூடி போட்ட வாளி. முதல் வாரம் முணுமுணுப்பார்கள். எழுந்து போய்ப் போடுகிற தூரம் வந்துவிட்டால் எதில் போடுகிறோம் என்று கண் தானாகப் பார்க்கும்.

போஸ்டர் விஷயம். தமிழும் மலையாளமும் எழுதி ஒட்டுங்கள், சரி. ஆனால் பெட்டி மூடியில் உண்மைச் சரக்கையே ஒட்டுவது அதைவிட நன்றாக வேலை செய்கிறது. ஒரு கழுவிய பால் கவர், ஒரு காலி பேனா, ஒரு மாத்திரை அட்டை ஆகியவற்றைப் பசை டேப் போட்டு மூடிமேல் ஒட்டிவிடுங்கள். வரி கட்ட வந்த பாட்டிக்கும் புரியும், வெளிமாநில வேலைக்காரப் பையனுக்கும் புரியும்.

பெட்டியின் எண்ணிக்கை பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. அவற்றின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கும் புதிய விதிகள் ஈரம், உலர், சானிட்டரி, தனிக்கவனம் தேவைப்படுவது என்று நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. அதற்காக ஒவ்வொரு அறையிலும் நான்கு பெட்டி வைக்க வேண்டியதில்லை. சானிட்டரிக்குப் பெட்டி பெண்கள் கழிப்பறையில் இருக்க வேண்டும், அங்கே கட்டாயம் இருக்க வேண்டும். பல்பு, பேட்டரி, காலாவதி மருந்துக்கு முழுக் கட்டடத்துக்கும் ஒரு பெட்டி போதும், அதுவும் ஒருவர் பொறுப்பில் பூட்டி.

அறிகுறி: காகித மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள், இல்லை அடிமாட்டு விலை சொல்கிறார்கள்

ஆபீஸ் குப்பையில் காசு தருகிற சரக்கு காகிதம்தான். அதைக் கெடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் கைச்செலவு. மூட்டை திரும்பி வந்தால் கோபப்படாமல் தார்ப்பாய் விரித்துக் கொட்டுங்கள். கொட்டினால்தான் தெரியும்.

அப்படிக் கொட்டிய ஒரு மூட்டை எப்படி இருக்கும் என்றால், மேலே அழகாக வெள்ளைக் காகிதம். கையை உள்ளே விட்டால் நடுவில் ஒரு பார்சல் பொட்டலம், பிளாஸ்டிக் பூச்சு போட்ட தாள், அதில் தேங்காய்ச் சட்னி காய்ந்து மஞ்சள் பிடித்திருக்கிறது. சட்னி இறங்கின இடத்தில் பத்து இருபது விண்ணப்பப் படிவங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இன்னும் கீழே போனால் மெஷினில் வருகிற வழவழப்பான ரசீது, பழைய கார்பன் தாள், லேமினேட் செய்த அடையாள அட்டை, ஒன்றுக்குள் ஒன்று செருகிய நான்கைந்து பேப்பர் கப். அடியில் ஈரம். கப்பில் மிச்சமிருந்த டீ. சேனா அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங் சார், இதை மில்லுல எப்புடிங் எடுப்பாங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன். மெஷின் ரசீது வெப்பத்தில் கறுக்கிற ரசாயனம் பூசிய தாள். அது காகிதத்தோடு சேரக் கூடாது. பேப்பர் கப்பின் உள்பக்கம் பிளாஸ்டிக் படலம். பார்ப்பதற்குத்தான் காகிதம். அது 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டிலும் 2020 ஜனவரி 1 முதல் கேரளத்திலும் தடைப் பட்டியலில் இருக்கிறது. அரசுக் கட்டடத்துக் குப்பையில் அது கிடப்பதே தலைகுனிவு. கிராம சபைக்கும் மீட்டிங்குக்கும் எவர்சில்வர் டம்ளர் வாங்கி வையுங்கள். கழுவுகிறவருக்குக் கூலி கொடுங்கள். கப் வாங்குகிற பில் நின்றால் மூட்டையில் ஈரமும் நிற்கும். ஸ்டேப்லர் பின்னைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், மில்லில் அதைப் பிரித்தெடுக்க வழி இருக்கிறது. ஸ்பைரல் கம்பியும் பிளாஸ்டிக் கவரும் மட்டும் கையால் கழற்றியாக வேண்டும்.

தரம் பிரித்தால்தான் விலை. வெள்ளைக் காகிதம் தனி, கலர் அச்சும் நோட்டீசும் தனி, நியூஸ் பேப்பர் தனி, அட்டைப்பெட்டி தனி. நான்கையும் கலந்து கொடுத்தால் நான்கிலும் மட்டமானதன் விலைதான் கிடைக்கும். ஈரம் இருந்தால் எடையில் கழித்துக்கொள்வார்கள், அது நியாயமும் கூட.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பஞ்சாயத்துக் காகிதம் வெறும் காகிதம் அல்ல. வீட்டுத் திட்டத்துக்கு, விதவைப் பென்ஷனுக்கு மனு கொடுத்தவர்களின் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் நகல், மருத்துவச் சான்று எல்லாம் அதில் கிடக்கும். அதை அப்படியே மூட்டையில் கட்டி அனுப்பினால் ஏதோ ஒரு ஊர் பஜ்ஜிக் கடையில் பொட்டலமாகத் திரும்பி வரும். நம்மை நம்பிக் கொடுத்த ஏழைப்பட்டவர்களின் விவரம் அது. ஆபீஸ் நகல் எடுத்ததில் வீணானவை, கூடுதல் பிரதிகள் எல்லாம் ஷ்ரெடரில் போகட்டும். பொடிப்பொடியாக வெட்டுகிற மெஷினைவிட நீளப் பட்டையாக வெட்டுகிறது விற்பதற்கு நல்லது, ஆனால் ஆதார் எண் இருக்கும் தாளுக்குப் பொடியாக வெட்டுவதே பாதுகாப்பு. அந்த விலைக்குறைவைப் பார்க்கக் கூடாது. வெட்டினதை உள்ளே தெரிகிற பையில் கட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதோ என்று வாங்குகிறவர் அவிழ்த்துப் பார்ப்பார், அறை முழுக்கப் பறக்கும்.

கோப்புகள் வேறு விஷயம். அழிக்கும் காலம் வந்துவிட்டதா என்று ரெக்கார்டு அறைப் பொறுப்பாளர் பதிவேட்டோடு பார்த்து, செக்ரட்டரி எழுத்தில் அனுமதித்த பிறகே அதைத் தொட வேண்டும். ஆர்.டிஸ். என்று போட்ட கோப்பு நிரந்தரமாக இருக்க வேண்டியது. இடம் அடைக்கிறது என்று யாராவது அதை மூட்டையில் போட்டால் பிறகு நிலப் பிரச்சினை வரும்போது பதில் சொல்ல முடியாது.

அறிகுறி: அட்டைப்பெட்டியும் பாட்டிலும் மட்டும் காணாமல் போகின்றன

நோட்டில் கவர், பிளாஸ்டிக் எடை அப்படியே இருக்கும். அட்டை மட்டும் சட்டென்று குறையும். யாரோ எடுத்துப் போய்ப் பழைய சாமான் வாங்கும் ஆக்ரி கடையில் போடுகிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் கூட்டுகிற அக்காதான்.

இதைத் திருட்டு என்று எழுதிவிடாதீர்கள். மறுசுழற்சி என்ற சொல் ஆபீசுக்கு வருவதற்கு முன்னாலிருந்தே அட்டையைக் காப்பாற்றிக் கடையில் சேர்த்தவர் அவர். அதே நேரம் சேனா பெண்களின் பக்கமும் பார்க்க வேண்டும். விலை போகிறதெல்லாம் முன்னாலேயே போய்விட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது மிக்சர் பாக்கெட்டும் கிழிந்த கவரும். மாதம் வீட்டுக்கு 50 ரூபாய், கடைக்கு 100 ரூபாய் என்று வாங்கித்தான் அவர்கள் பிழைப்பு. சரக்கு விற்ற காசு அதன் மேல் ஒரு சிறு தாங்கல்.

பஞ்சாயத்து உட்கார்ந்து பேசி ஒரு முடிவு எழுத வேண்டும். என் கருத்து, ஆபீஸ் கட்டடத்து அட்டையையும் நியூஸ் பேப்பரையும் கூட்டுகிறவருக்கே என்று எழுதிக் கொடுத்துவிடலாம், எடையை மட்டும் நோட்டில் ஏற்றச் சொல்லலாம். வெள்ளைக் காகிதமும் பிளாஸ்டிக்கும் சேனாவுக்கு. இப்படி எழுத்தில் வந்துவிட்டால் ஒளித்து எடுத்துப் போக வேண்டியதில்லை, அவரே மற்றதையும் ஒழுங்காகப் பிரித்துத் தருவார். கூட்டுகிறவர் ஒத்துழைக்காத கட்டடத்தில் மறுசுழற்சி நடந்து நான் பார்த்ததில்லை.

அறிகுறி: சேனா வந்தார்கள், வெறுங்கையோடு போனார்கள்

கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் மீட்டிங்குக்குப் பாலக்காடு போயிருந்தார். இரண்டாம் சனிக்கிழமையில் வந்துவிட்டார்கள். யார் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை. காரணம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டு தரம் இப்படி நடந்தால் மூன்றாவது தரம் அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

தேதி என்று வைக்காமல் கிழமை வையுங்கள்: மாதத்தின் இரண்டாவது செவ்வாய் என்பது போல. தேதி ஞாயிற்றில் விழும், விடுமுறையில் விழும். ஒரு பொறுப்பாளர், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று இரண்டு பேர் பெயரையும் நம்பரையும் சேனா அக்காவின் போனில் போட்டுக் கொடுங்கள். மூட்டை அறை முடிந்தால் வெளிவாசல் பக்கம் இருக்கட்டும். அங்கன்வாடியில் டீச்சரும் ஹெல்ப்பரும்தான் இருப்பார்கள். அங்கே மதியத் தூக்க நேரத்தில் போய்க் கதவைத் தட்ட வேண்டாம்.

எல்லா மாதமும் எல்லாமும் எடுக்க மாட்டார்கள் என்பதையும் கட்டடங்களுக்குச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் மாதாமாதம். துணி, கண்ணாடி, செருப்பு, பை, மின்குப்பை போன்றவை கேரள அரசின் கழிவு நிறுவனமான கிளீன் கேரளா கம்பெனியின் நாட்காட்டிப்படி அந்தந்த மாதத்தில். நாட்காட்டியை நோட்டுக்குள் ஒட்டி வைத்தால், "போன தடவை எடுக்கலையே" என்ற சண்டை வராது.

அறிகுறி: உலர் குப்பை அறையில் நாற்றம், எறும்பு, எலி

உலர் என்று எழுதிய அறையில் ஈரம் இருக்கிறது. எங்கிருந்து என்றால் பெரும்பாலும் பால் கவர். டீ போடுகிற இடத்திலும் பள்ளிக் கஞ்சிப்புரையிலும் (சமையல் கொட்டகை) கவரை முனை மட்டும் வெட்டி, உள்ளே சொட்டோடு எறிவார்கள். கழுவுங்கள் என்றால் தண்ணீர் எங்கே என்பார்கள். அதுவும் உண்மை. சித்தூர் கிழக்கில் மழை குறைவு, கோடையில் டேங்கர் தண்ணீர் வாங்குகிற ஊர்களில் கவர் கழுவக் குழாயைத் திறந்துவிடச் சொல்ல எனக்கு மனம் வராது.

அதற்கு ஒரே வாளித் தண்ணீர் போதும். பாத்திரம் கழுவின கடைசித் தண்ணீரை வாளியில் பிடித்து, கவர்களை முழுக்க வெட்டித் திறந்து அதில் முக்கி எடுத்து, ஜன்னல் கம்பியில் கட்டிய கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். இங்கத்தை வெயிலுக்குக் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். வாளித் தண்ணீர் தென்னைக்குப் போகட்டும். முனை வெட்டின அந்தச் சின்னத் துண்டைத் தனியாக வெட்டி எறியாமல் கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டப் பழக்குங்கள். தரையில் விழுந்த அந்தத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது.

நாற்றம் கவரில் இல்லை என்றால் சாக்கின் அடியைத் தொட்டுப் பாருங்கள். சிமென்ட் தரையில் நேராக வைத்தால் மழை மாதத்தில் அடி ஊறும். பழைய பெஞ்சோ மரச் சட்டமோ போட்டு உயர்த்தி வையுங்கள்.

அறிகுறி: ஆடிக் காற்றில் பக்கத்துத் தோட்டம் முழுக்கப் பிளாஸ்டிக்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியாதவர்கள் யாரோ வரைந்த கொட்டகை வரைபடத்தால் வருகிற வினை. மினி எம்.சி.எஃப். கூண்டு வலைக்கம்பியில் இருக்கும், மேலே திறந்திருக்கும். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று கவரை எல்லாம் தூக்கிக் கடலைக் காட்டில் போடும், மாடு தின்னும். கூண்டின் மேற்குப் பக்கத்தைத் தகரத்தால் மூடுங்கள். மேலே மீன்வலை கட்டுங்கள். கவரைத் தளர்வாகப் போடாமல் சாக்கில் அமுக்கி வாய் தைத்து வையுங்கள். இந்த மாதங்களில் சேனாவின் வருகையை இரண்டு மடங்காக்குவது எல்லாவற்றையும்விட நல்லது.

அறிகுறி: சரக்கு லாரி செக்போஸ்டில் நிற்கிறது

எல்லை ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. கொழிஞ்சாம்பாறையில் நின்று பார்த்தால் பொள்ளாச்சிப் பழைய இரும்புக் கடைகளும் பிளாஸ்டிக் யூனிட்டுகளும் எட்டும் தூரம்தான். நடுப்புணி, கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று வழியும் பல. நல்ல விலை அந்தப் பக்கம் கிடைக்கிறது என்று அனுப்பினால் செக்போஸ்டில் மடக்குகிறார்கள்.

அவர்கள் மடக்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கண்டித்து, கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து திரும்ப அள்ளிக்கொண்டு போகும்படி ஆயிற்று. அதற்கு முன்பே கோவை மாவட்ட எல்லைக் கிராமங்களில் ராத்திரி லாரியை ஊர்க்காரர்கள் பிடித்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. தார்ப்பாய் மூடிய கேரள நம்பர் லாரி என்றாலே சந்தேகம். தங்கள் கிணற்றையும் தோப்பையும் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள், நாம் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதையே செய்வோம்.

சரிசெய்வது எப்படி? முதலில் சரக்கைப் பாருங்கள், பேப்பரை அப்புறம் பார்க்கலாம். லாரியில் இருப்பது என்ன என்று ஒரே சொல்லில் சொல்ல முடிய வேண்டும்: அட்டை பேல் (அமுக்கிக் கட்டிய கட்டு), பெட் பாட்டில் பேல், பால் கவர். "பல சரக்கு", "மிக்ஸ்" என்று எழுத வேண்டி வந்தால் அந்த லாரி கிளம்பவே கூடாது. யாரும் வாங்காத ரிஜெக்ட், அதாவது மிக்சர் பாக்கெட், பிஸ்கட் உறை மாதிரிப் பல அடுக்கு உறைகள், நாமாக எல்லையைத் தாண்டி அனுப்பவே கூடாது. அவை கிளீன் கேரளா கம்பெனி வழியாகவோ பஞ்சாயத்து ஒப்பந்தம் போட்ட அனுமதி பெற்ற ஏஜென்சி வழியாகவோ சிமென்ட் சூளைக்குத்தான் போக வேண்டும். காசு தந்து அனுப்ப வேண்டிய சரக்கை யாராவது "நான் சும்மாவே எடுத்துக்கிறேன்" என்றால் அங்கேயே நில்லுங்கள். சும்மா எடுத்தது எந்தக் குவாரியில் விழும் என்று உங்களுக்கும் தெரியும்.

பிறகு பேப்பர். விற்பனை பில், எடைமேடைச் சீட்டு, வாங்குகிற யூனிட்டுக்கு அந்த ஊர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதியின் நகல், பஞ்சாயத்தின் சரக்கு விவரக் கடிதம். மதிப்பு 50,000 ரூபாய் தாண்டினால் இ-வே பில். கடிதம் தமிழிலும் ஒரு பிரதி இருக்கட்டும். செக்போஸ்டில் நிற்கிற காவலர் மலையாளம் படிக்க மாட்டார். பேல் கட்டின லாரியை மூடுவதற்கு முன் நம்பர் பிளேட் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பக்கத்து எடைச் சீட்டை வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். இரண்டு எடையும் ஒத்துப் போகவில்லை என்றால் வழியில் ஏதோ இறங்கியிருக்கிறது. அந்த ஏஜென்சிக்கு அடுத்த லோடு கிடையாது.

பகலில் அனுப்புங்கள். ராத்திரி லாரிக்கு எந்தப் பேப்பரும் போதாது.

அறிகுறி: சுகாதார நிலையத்து மூட்டையில் மஞ்சள் பை

இதில் சமாதானமே கிடையாது. அந்த மூட்டையைத் தொடாமல் நிறுத்துங்கள். ரத்தம் பட்ட பஞ்சு, ஊசி, மருந்துக் குழாய் எல்லாம் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று தனி வழியில், கஞ்சிக்கோடு பக்கம் இருக்கிற இந்திய மருத்துவச் சங்கத்தின் (ஐ.எம்.ஏ.) இமேஜ் என்ற மருத்துவக் கழிவு நிலையத்துக்குப் போக வேண்டியவை. சேனாப் பெண்கள் சாதாரணக் கையுறையோடு கையால் பிரிக்கிறார்கள், ஒரு ஊசி போதும்.

காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. மருத்துவக் கழிவு வண்டி வரவில்லை, மஞ்சள் பை நிரம்பிவிட்டது. மஞ்சள் பைக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் யாரோ பயந்து மற்றதில் தள்ளிவிட்டார்கள். அல்லது ஊசி போடுகிற அறையிலும் ஓ.பி. வரிசையிலும் ஒரே நிறப் பெட்டி. முதலாவதற்கு மெடிக்கல் ஆபீசரிடம் எழுத்தில் கொடுத்து வண்டி வரவைக்க வேண்டும். இரண்டாவதற்கு, உலர் குப்பைப் பெட்டியை நோயாளிகள் உட்காரும் இடத்தில் மட்டும் வைத்துவிட்டு, சிகிச்சை அறைகளிலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: பழைய கம்ப்யூட்டரும் டியூப் லைட்டும் மாடிப்படி அடியில் மலைபோல

இது ஆள் தட்டுப்பாட்டால் வருவதல்ல, கையெழுத்துத் தட்டுப்பாட்டால் வருவது. ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருக்கிற வரை உடைந்த மானிட்டரும் அரசாங்கச் சொத்துதான், யாரும் தொட மாட்டார்கள். பயன்படாது என்று சான்று வாங்கி, கமிட்டி தீர்மானம் போட்டு ரெஜிஸ்டரிலிருந்து நீக்கினால் பாதி வேலை முடிந்தது. பிறகு கிளீன் கேரளா கம்பெனிக்கோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கோதான் கொடுக்க வேண்டும். ஆக்ரி கடைக்குப் போனால் கம்பியை எரித்துச் செம்பு எடுப்பார்கள், அந்தப் புகை பக்கத்துக் குழந்தைகளுக்கு. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, உள்ளதை அழித்த பிறகே அனுப்புங்கள்.

டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. வந்த அட்டைக் கூட்டிலேயே திரும்பச் செருகி நிறுத்தி வையுங்கள், படுக்கப் போட்டால் உடையும். யு.பி.எஸ். பேட்டரியைப் புதிது வாங்கும்போதே பழையதைக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளும்படி கொட்டேஷனில் எழுதிவிடுங்கள்.

தேர்தல் முடிந்ததும் வந்து சேர்கிற ஃபிளெக்ஸ் பேனர்களும் இதே மூலையில்தான் குவியும். 2025 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தல் பேனர் இன்னும் சில கட்டடங்களில் கிடக்கிறது. பி.வி.சி. ஃபிளெக்ஸைச் சிமென்ட் சூளைக்காரர்களும் விரும்ப மாட்டார்கள், அதிலிருக்கும் குளோரின் சூளைக்கு ஆகாது. வைத்த கட்சியே எடுத்துப் போக நோட்டீஸ் கொடுப்பது ஒன்றுதான் வழி. கொடுங்கள், எல்லாக் கட்சிக்கும் ஒரே நாளில்.

அறிகுறி: செக்ரட்டரி மாறினார், எல்லாம் நின்றுபோனது

நன்றாக நடந்த பஞ்சாயத்துகள் இப்படித்தான் விழுகின்றன. ஒரு நல்ல அதிகாரியின் ஆர்வத்தில் நடந்த வேலைக்குக் காகிதத்தில் வேர் இல்லை. புதியவர் வருகிறார், சேனாவுக்குக் கட்டடங்கள் தர வேண்டிய மாதக் கட்டணம் எந்தக் கணக்கில் என்று கேட்கிறார், யாருக்கும் தெரியவில்லை, பில் நிற்கிறது, பில் நின்ற அடுத்த மாதம் வண்டி நிற்கிறது.

இப்போதே செய்து வையுங்கள்: எந்தக் கட்டடத்துக்கு எந்தக் கிழமை, யார் பொறுப்பு, கட்டணம் எந்தத் தலைப்பில், அட்டை யாருக்கு, லோடு எந்த ஏஜென்சிக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஹெல்த் ஸ்டாண்டிங் கமிட்டியில் வைத்து, பஞ்சாயத்துக் கமிட்டித் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தீர்மான எண்ணை அந்த நீள நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். செக்ரட்டரி சார்ஜ் ஒப்படைக்கிற பட்டியலில் அந்த நோட்டையும் மூட்டை அறைச் சாவியையும் ஒரு வரியாகச் சேர்த்து, புதியவரின் கையெழுத்தை அதற்கு நேரே வாங்குங்கள்.